மூன்றாவது பிளக்

எஞ்சினைப் பிரிக்காமல், அதற்குத் தீப்பொறி போடும் பிளக்கைப் பார்த்தே உள்விஷயத்தைச் சொல்லிவிடும் ஒருத்தி மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, சென்னியப்பன் அவளைத் தேடிப் போனார்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. பாலிடெக்னிக்கில் முப்பத்தொரு வருஷம் எஞ்சின் லேப் நடத்தி ஓய்வு பெற்றவர். அவளுக்கு முப்பத்தாறு. பெயர் ஜெசிந்தா. டயர் கடைக்கும் பரோட்டா கடைக்கும் நடுவில் தகரம் வேய்ந்த பட்டறை. வழியில் விசாரித்தபோது பாதிப் பேர் “பயங்கரக் கெட்டிக்காரி” என்றார்கள். மீதிப் பேர் “பயங்கர வாய்” என்றார்கள்.

சென்னியப்பன் வெறுங்கையோடு வரவில்லை. காரோடு வந்தார். கார் இன்னொரு வண்டியின் முதுகில் வந்தது.

சிவப்பு நிறம். இரண்டே சீட். கூரை கிடையாது. அறுபத்திரண்டாம் வருஷத்து ஸ்போர்ட்ஸ் கார். எலும்புக்கூடாகக் கிடந்ததை எடுத்து வந்து, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, ஆறு வருஷத்தில் அவரே பூட்டியது. நாலு மாதம் ராஜா மாதிரி ஓடியது. அப்புறம் மேடு கண்டால் நிற்கப் பழகிவிட்டது. ஆறவிட்டால் மறுபடி ஓடும். மறுபடி மேடு வந்தால் மறுபடி நிற்கும்.

“என்னங்க சார் பண்ணுது?”

“மிஸ்ஃபயர். லோடுல மட்டும். விட்டு விட்டு.”

“அது உங்க பாஷைங்க. வண்டி என்ன சொல்லுது?”

சென்னியப்பன் விழித்தார். அவள் உதட்டைக் குவித்துக்கொண்டாள்.

“வர்றேன்-வர்றேன்-வர்றேன்-மாட்டேன். வர்றேன்-வர்றேன்-வர்றேன்-மாட்டேன். இப்படிங்களா?”

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அச்சு அசல் அவருடைய கார். ‘மாட்டேன்’ வரும் இடத்தில் தொண்டையைச் செருமுகிற அந்தச் சின்னக் கோபம்கூட அப்படியே இருந்தது.

“நீ இன்னும் ஸ்டார்ட்டே பண்ணிப் பார்க்கலையே அம்முணி!”

“நாலு சிலிண்டர். அதுல ஒண்ணு மக்கர். வேற எப்படிங்க பேசும்?”

சென்னியப்பன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பட்டறையில் யாரும் அப்படிச் செய்வதில்லை.

“பிளக்கைப் பார்த்து வியாதி சொல்ற வித்தையை எனக்குச் சொல்லித் தா. உனக்கு சிஷ்யனா இருக்கேன்.”

“இந்த வயசுல எதுக்குங்க?”

“எனக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் டைம்.”

“யாரு குடுத்தது?”

“வசந்தாமணி.”

வசந்தாமணி அவர் மனைவி. கார் இதுவரை மூன்று முறை நடுரோட்டில் நின்றிருக்கிறது. மூன்று முறையும் அந்தம்மா பக்கத்து சீட்டில் இருந்தார். கடைசியாக நின்றது காரமடையில், ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில். பட்டுப்புடவையோடு இறங்கித் தள்ளினார். பாவப்பட்டு மேளக்காரர்களும் கூடத் தள்ளினார்கள். உள்ளே இருந்தவர்கள் ஊர்வலம் என்று நினைத்து வெளியே வந்து பார்த்தார்கள். அன்று இரவு சாப்பாடு போடும்போது வசந்தாமணி சொன்னதை சென்னியப்பன் அப்படியே சொல்லிக் காட்டினார். சொல்லும்போது குரல் அவரை அறியாமல் மேலே ஏறியது.

“‘ஏனுங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள இதைச் சரி பண்ணிருங்க. இன்னொருக்கா இது தானா நின்னுச்சுன்னா, மக்காநாளு பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுருவேன். நீங்களும் வேணும்னா கூடவே ஏறிக்கங்க.’”

“சும்மா சொல்லியிருப்பாங்க.”

“என் புல்லட்டை அப்படித்தான் போட்டா.”

ஜெசிந்தா கொஞ்ச நேரம் சிவப்புக் காரைப் பார்த்தாள்.

“சரிங்க சார். ஏதாச்சும் ஒரு மேட்டுல ஏத்துங்க. ‘மாட்டேன்’னு சொன்ன உடனே பிளக் நாலையும் கழட்டி எனக்குக் கொண்டு வாங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க.”

வியாழக்கிழமை சென்னியப்பன் வந்தார். கையில் மடித்த வெள்ளைத் துணி. அதைப் பெஞ்சில் வைத்து நாலு மூலையையும் மெல்லப் பிரித்தார்.

உள்ளே நாலு பிளக்குகள் கண்ணைப் பறித்தன.

ஜெசிந்தாவின் கையிலிருந்த ஸ்பேனர் காலில் விழுந்தது. அவள் காலைப் பார்க்கவில்லை.

“சார். இது புதுசுங்களா?”

“பழசேதான்.” அவர் முகத்திலும் அதே பளபளப்பு. “முதல்ல புளி. அப்புறம் பாத்திரப் பவுடர். கடைசியா கம்பி பிரஷ். எப்பவுமே அப்படித்தான். ஞாயித்துக்கிழமை தவறினதே இல்லை. ஆறு மாசமா, வாரா வாரம்.”

“வாரா வாரமா?”

“என் லேப்ல வந்து பார்த்திருக்கணும் நீ. பிளக்கெல்லாம் மூக்குத்தி மாதிரி இருக்கும். சென்னையில இருந்து ஆய்வுக்கு வர்றவங்க அதுல மீசையைச் சரி பண்ணிக்குவாங்க.”

“மார்க் போடுவீங்களா, அதுக்கு?”

“பத்து மார்க்!” என்றார் சென்னியப்பன். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. “அப்படி வெச்சிருந்தும் ஒரு தடவை மானம் போச்சு. ஆய்வுக்குழு முன்னாடி லேப் எஞ்சினை ஓட்டிக் காட்டினேன். இருபது நிமிஷம். டக்குனு இறுகிப்போய் சீஸ் ஆயிருச்சு. மெமோ குடுத்தாங்க. ஏன் சீஸ் ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.”

“எந்த வருஷம்ங்க?”

“ரெண்டாயிரத்து ஏழு.”

ஜெசிந்தா குனிந்து ஸ்பேனரை எடுத்தாள். எடுக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் குனிந்திருந்தாள். பிறகு பிளக்குகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றைத் துணியில் வைத்தாள், மறுபடி எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஒரு தகர டப்பாவைத் திறந்து எதையோ பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

“என்ன தெரியுது?” என்றார் சிஷ்யர், ஆவலாக.

“புளி நல்ல புளிங்க சார்.”

அவர் காத்திருந்தார். அவள் துணியை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

“இப்படியே, எது எங்க இருந்துச்சோ அங்கயே மாட்டிருங்க. ஞாயித்துக்கிழமை காலைல கல்லாருக்கு வாங்க. குன்னூர் ரோட்டுல ஏத்திப் பார்ப்போம். அம்மாவும் வரணும்.”

“அய்யய்யோ, அவளா?”

“அவங்கதான் முக்கியம்.”

“நின்னுச்சுன்னா?”

“அம்மாவுக்குப் போன் போட்டுக் குடுங்க.”

போட்டுக் கொடுத்தார். ஜெசிந்தா பரோட்டா கடைப் பக்கமாக நடந்துபோய்ப் பேசினாள். அவர் காதில் விழுந்தது இவ்வளவுதான்: “ஆமாங்கம்மா… அட, நெசமாத்தானுங்க… இல்லீங்க, அவர்கிட்ட மூச்சு விடாதீங்க.” அப்புறம் இரண்டு பக்கமும் சிரிப்பு. மனைவி இப்படிப் போனில் சிரித்து அவர் கேட்டு ரொம்ப நாளாயிற்று. அது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கல்லார் பாலம். வசந்தாமணி காட்டன் புடவையில் வந்திருந்தார். மடியில் பிளாஸ்க். காலில் தள்ளுவதற்குத் தோதான ஷூ.

“என்ன கண்ணு, நீதான் அவருக்கு வாத்தியாரா?”

“ஆமாங்கம்மா.”

“அடி போட்டுச் சொல்லிக் குடு சாமி. சொன்னாக் கேக்கற ஜாதகம் இல்லை.”

ஜெசிந்தா தன் பைக்கில் பின்னால் வந்தாள். சிவப்புக் கார் மலையில் ஏறியது.

முதல் வளைவு. வர்றேன்-வர்றேன்-வர்றேன்-வர்றேன்.

“நல்லாத்தான போகுது,” என்றார் வசந்தாமணி.

“பேசாதே. கண்ணு பட்டுரும்.”

“என் கண்ணா? நான் தள்ளினவ. என் கண்ணு படாதுங்க.”

இரண்டாவது வளைவு. மேடு செங்குத்தாக எழுந்தது. சென்னியப்பன் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தார். வர்றேன்-வர்றேன்-மாட்டேன். வர்றேன்-மாட்டேன்-மாட்டேன். அவருக்கு வியர்த்தது. ஸ்டியரிங்கைக் கெஞ்சுவதுபோலத் தடவினார்.

“ஏறிரு, ஏறிரு. இன்னும் கொஞ்சம்தான். ஏறிரு சாமி.”

வசந்தாமணி கையை நீட்டினார். டாஷ்போர்டில் இருந்த சாவியைத் திருகினார்.

எஞ்சின் அணைந்தது.

பின்னால் வந்த லாரி ஒன்று காட்டையே எழுப்புகிற மாதிரி ஹாரன் அடித்தது. ஜெசிந்தா பைக்கைக் குறுக்கே போட்டுக் கையை ஆட்டினாள். சென்னியப்பன் எப்படிப் பிரேக் பிடித்தார், எப்படி ஓரம் கட்டினார் என்று அவருக்கே தெரியாது. கார் கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

வசந்தாமணி சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டார்.

சென்னியப்பன் மனைவி பக்கம் திரும்பினார்.

“வசந்தி… என்ன காரியம் பண்ணிட்டே! கொல்லப் பார்த்தியா?”

“வாத்தியாரம்மா சொல்லுச்சுங்க. மூணு தடவை ‘மாட்டேன்’ சொன்னா அணைச்சிரோணும்னு. நான் எண்ணிட்டுதான் இருந்தேன்.”

ஜெசிந்தா ஓடி வந்தாள். பெரிய துணிக் கையுறையை அவர் மடியில் போட்டாள்.

“சார், பானெட்டைத் தூக்குங்க. சீக்கிரம். சூடு ஆறறதுக்குள்ள.”

“எதுக்கு அணைக்கச் சொன்னே? மெதுவா ஓரம் கட்டி நிறுத்தியிருப்பேனே!”

“மெதுவா நிறுத்தினா, நிக்கறதுக்குள்ள பிளக் முகத்தைக் கழுவிக்கும்ங்க.”

சென்னியப்பன் பானெட்டைத் தூக்கினார். பிளக்குகளைக் கழற்றினார். அவள் கைப்பிடிச் சுவரைக் காட்டினாள். “ஒண்ணு இங்க. நாலு அங்க. வரிசை மாறக் கூடாது.” அவர் வைத்தார். கல்லில் பட்டதும் ஒவ்வொன்றும் ‘சுர்’ என்றது. வசந்தாமணி பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டார்.

“இப்ப சொல்லுங்க சார். பார்த்து எப்படிச் சொல்றது?”

அவர் நிமிர்ந்தார். முப்பத்தொரு வருஷம் சொன்னது தானாக வந்தது. “பழுப்பு இருந்தால் நலம். கருப்புக் கரி இருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங் தேய்மானம். வெள்ளை வெளுத்திருந்தால் அதிகச் சூடு.”

“இதுல எதையெல்லாம் நேர்ல பார்த்திருக்கீங்க?”

அவர் கையுறையைக் கழற்றினார்.

“படத்துல,” என்றார்.

ஒன்று, இரண்டு, நான்கு. மூன்றும் பிஸ்கட் நிறத்தில் இருந்தன. சென்னியப்பன் அவற்றை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். உண்மையும் அதுதான்.

மூன்றாவது பிளக் சாக்பீஸ் மாதிரி வெளுத்திருந்தது. நுனி மழுங்கி இருந்தது. வெள்ளைப் பீங்கானின் மேல் ரவை சிதறினாற்போல, பொடிப் பொடியாக, வெள்ளி நிறத்தில் மணிகள்.

அவருடைய கை சட்டைப் பைக்குள் போய்க் கைக்குட்டையை எடுத்தது. அவர் அதை நினைத்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது.

ஜெசிந்தா அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கமாகப் பிடித்தாள்.

வசந்தாமணி கைக்குட்டையை வாங்கித் தன் தலையில் வெயிலுக்குப் போட்டுக்கொண்டார்.

“இந்த மணி என்னதுங்க சார்?”

“ஈயமா?” அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “இல்லை. இது… அலுமினியம்.”

“எஞ்சினுக்குள்ள நெருப்பு படற இடத்துல அலுமினியம் எதுங்க?”

சென்னியப்பன் சுவரில் உட்கார்ந்தார்.

“பிஸ்டன்.”

“ம்.”

“பிஸ்டன் உருகி வெளிய வருது.”

“ம்.”

“இன்னும் ரெண்டு வளைவு போயிருந்தா ஓட்டை விழுந்திருக்கும். எஞ்சினே போயிருக்கும். உலகத்துல எங்க தேடினாலும் வேற பிஸ்டன் கிடைக்காதே, ஜெசிந்தா!” அவர் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். “இப்பவே விழுந்திருச்சோ?”

“கட்டை விரலை அந்த மூணாவது ஓட்டையில வைங்க. அழுத்தி. அம்மா, சாவி போட்டு ஒரே ஒரு திருகு.”

வசந்தாமணி முந்தானையை அவிழ்த்தார். திருகினார். பட்! சென்னியப்பனின் விரலை உள்ளேயிருந்து யாரோ எட்டி உதைத்தார்கள். அவர் இரண்டடி பின்னால் போனார். பயத்தில் அவர் கத்திய கத்தலுக்கு மரத்திலிருந்த குரங்குகள் கீழே பார்த்தன.

“உயிர் இருக்குதுங்க,” என்றாள் ஜெசிந்தா. “இப்ப நாலு பிளக்குக்கும் கழுத்தைப் பாருங்க.”

ஒன்றில் செம்பு வளையம். இரண்டில் செம்பு வளையம். நான்கில் செம்பு வளையம். மூன்றில் வெறும் கழுத்து.

“வாஷர்!” என்றார் சென்னியப்பன். “வாஷர் இல்லை. அது வழியாத்தானே பிளக்கோட சூடு இறங்கணும். அது இல்லாம இத்தனை நாளா இது தனியா வெந்துட்டு இருந்திருக்கு. எங்க போச்சு?”

“ஏனுங்க,” என்றார் வசந்தாமணி மெதுவாக. “செம்புல, சின்னதா, ஒரு வளையமா?”

இருவரும் திரும்பினார்கள். அந்தம்மா இடுப்பிலிருந்து பீரோ சாவிக்கொத்தை எடுத்து உயர்த்திக் காட்டினார். நாலு சாவிக்கு நடுவே ஒரு செம்பு வாஷர் தொங்கியது.

“பாத்திரம் கழுவற தொட்டியில கிடந்துச்சுங்க. நீங்க புளி போட்டுத் தேச்சுட்டுப் போன அன்னைக்கு. அழகா இருக்குதேன்னு கோத்துக்கிட்டேன்.”

சென்னியப்பன் மனைவியைப் பார்த்தார். வாஷரைப் பார்த்தார். ஆறு மாதம் அது அவர் வீட்டிலேயே, அவர் சோறு சாப்பிடும்போதெல்லாம் பக்கத்தில் கிணுகிணுவென்று நடமாடியிருக்கிறது.

கையை நீட்டினார்.

“அது நசுங்கினதுங்க சார். அம்மாகிட்டயே இருக்கட்டும்,” என்று ஜெசிந்தா பாக்கெட்டுக்குள் கைவிட்டாள். வெளியே எடுத்தது ஒரு புது வாஷர்.

அவர் அதை வாங்கவில்லை.

“இது எப்ப எடுத்தது?”

“வியாழக்கிழமைங்க.”

“வியாழக்கிழமையே உனக்குத் தெரியுமா?”

“வாஷர் இல்லைங்கறது தெரியும். உள்ள என்ன ஆச்சுன்னு தெரியாது. அதைச் சொல்ற வாயை நீங்க புளி போட்டுத் தேச்சுட்டீங்களே.”

“தெரிஞ்சும் மேடு ஏத்த விட்டியா? என் எஞ்சினை வெச்சா விளையாடினே?”

“ஆறு மாசமா நீங்க ஏத்தினீங்க சார். நான் ரெண்டு வளைவுதான் ஏத்த விட்டேன்.”

சென்னியப்பன் வாஷரை வாங்கிக்கொண்டார். மாட்டினார். பிளக்குகளை அதே வரிசையில், அழுக்கோடு, உள்ளே இறக்கினார். அழுக்கோடு இறக்கும்போது கை கொஞ்சம் கூசியது. ஜெசிந்தா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

அப்போதுதான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைக் கெடு ஞாபகம் வந்தது.

“வசந்தி. நடுரோட்டுல நின்னுருச்சே.”

“தானா நின்னாத்தானுங்க பேச்சு. இது நான் நிறுத்தினது.” வசந்தாமணி காபியின் கடைசி மடக்கைக் குடித்தார். “ஏறுங்க. குன்னூர்ல வர்க்கி வாங்கோணும்.”

எஞ்சின் பிடித்தது. வர்றேன்-வர்றேன்-வர்றேன்-வர்றேன்.

“இன்னைக்கு உருட்டிட்டே போங்க. விரட்டாதீங்க,” என்றாள் ஜெசிந்தா. “நாளைக்குப் பிரிச்சு அந்த பிஸ்டனை ஒருதரம் பார்த்துரலாம்.”

சென்னியப்பன் சீட்டில் உட்கார்ந்தார். கியர் போடவில்லை. கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு கருப்பு வளையம் பதிந்திருந்தது. பிறகு நிமிர்ந்து, மனம் நிறைந்து சொன்னார்.

“அன்னைக்கு என் லேப்ல உன்னை மாதிரி ஒரே ஒரு ஆள் இருந்திருந்தா, அந்த எஞ்சின் தப்பிச்சிருக்கும் அம்முணி.”

ஜெசிந்தா பைக்கை ஸ்டாண்டிலிருந்து இறக்கினாள்.

“இருந்தேன் சார்.”

“எங்க?”

“உங்க லேப்லதான். மூணாம் வருஷம். ஜன்னல் பக்கத்து பெஞ்ச். ஆய்வுக்கு முந்தின வாரம் பிராக்டிக்கல் வெச்சீங்க. எனக்கு அந்த எஞ்சின் பிளக் வந்துச்சு. கழட்டிப் பார்த்தேன். இதே மாதிரி வெள்ளி மணி. பயந்துபோய் உங்ககிட்ட ஓடி வந்து காட்டினேன்.”

அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். வருஷத்துக்கு அறுபது பேர். பிளக்குகள் ஞாபகம் இருந்தன. முகங்கள் இல்லை.

“நான் என்ன சொன்னேன்?”

“‘அழுக்கு. துடைச்சிட்டு வா’ன்னீங்க.”

அச்சு அசல் அவர் குரல். கடைசியில் மூக்கால் விடுகிற அந்தச் சின்ன மூச்சு உட்பட. பக்கத்து சீட்டில் வசந்தாமணி சிரிக்கத் தொடங்கி, கணவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“நீ என்ன பண்ணினே?”

“துடைச்சிட்டு வந்தேன் சார். பத்துக்கு ஒன்பது போட்டீங்க.”